மாமாவின் தொண்டைக்கு ஒரு குடம்

என் அப்பாவுக்குக் கை விழுந்தது ஒரு கோயில் கொடைத் திருவிழாவின் நடுவில். வில்லுப்பாட்டு நடந்துகொண்டிருந்தது. அப்பா குடத்துக்கு உட்கார்ந்திருந்தார். மட்டையை ஓங்கிய வலது கை ஓங்கியபடியே நின்றது. பிறகு நனைந்த துண்டு கொடியிலிருந்து நழுவுவது போல மடியில் சரிந்தது. உடம்பும் அந்தப் பக்கமே சாய, குடம் உருண்டு கல்லில் மோதி ஓடாகப் போனது. நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்து வறுகடலை தின்றுகொண்டிருந்தேன். வாயில் போட்டதை மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை. அப்பாவை வண்டியில் ஏற்றி தென்காசிக்குக் கொண்டுவந்து பாயில் கிடத்திய பிறகுதான் அந்தக் கடலை இன்னும் வாயில் இருப்பது எனக்குத் தெரிந்தது.

சுதந்திரம் வந்து பத்துப் பதினோரு வருஷம் ஆகியிருக்கும். நயா பைசா வந்த புதிது. எனக்கு வயது இருபத்திரண்டு. கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் தங்கவில்லை. இலங்கைக்குப் போனவர் போனவர்தான். நான் அப்பா வீட்டில்தான் இருந்தேன். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. ஆனால் காது நிற்கவில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

வில்லுப்பாட்டு பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆள் நீளத்துக்கு மேலான வில்லைக் கிடத்தி, நடுவில் மண்குடத்தோடு சேர்த்துக் கட்டுவார்கள். வில்லில் கட்டிய மணிகள் சலசலக்கும். உடுக்கு பேசும். ஆனால் எல்லாவற்றையும் கீழே இருந்து தாங்குவது குடம்தான். வாய் குறுகி வயிறு பருத்த கனமான குடம் அது. கமுகம்பாளையில் செய்த மட்டையால் அதன் வாயில் அடித்தால் 'பும்' என்று மண்ணுக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி ஒலி வரும். இன்னொரு கையில் காசு பிடித்து வயிற்றில் தட்டினால் 'ணங்' என்னும். அதற்கும் புதுக்காசு ஆகாது. பழைய ராசா தலை போட்ட செப்புக்காசுதான் பேசும்.

அண்ணாவியின் குரல் எந்த இடத்தில் நிற்கிறதோ, குடத்தின் ஒலியும் அந்த இடத்தில் நிற்க வேண்டும். அண்ணாவி என்றால் கதையைப் பாடுகிற தலைவர். இரண்டும் விலகினால் கேட்கிறவனுக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியாது. ஆனால் எழுந்து பீடி குடிக்கப் போய்விடுவான்.

எங்கள் வில்லுக்கு அண்ணாவி என் தாய்மாமா. இலஞ்சியில் இருந்தார். வில் அவர்கள் வீட்டுச் சொத்து. குடம் எங்கள் வீட்டுச் சொத்து. ஆடி மாசக் கடைசிச் செவ்வாய் இலஞ்சிப் பக்கத்து அம்மன் கோயில் கொடைக்கு இந்த இரண்டு வீடும்தான் உட்கார வேண்டும் என்பது என் பாட்டனார் காலத்து வழக்கம். ஒரு தடவை இன்னொருவன் வந்து உட்கார்ந்துவிட்டால் அந்த இடம் அவன் வீட்டுக்குப் போய்விடும். அப்பாவுக்கு ஆண்பிள்ளை கிடையாது. நான் ஒருத்திதான்.

அப்பாவைப் பார்க்க மாமா வந்தார். அப்பாவுக்கு வாய் கோணிப்போய் பேச்சு வரவில்லை. மாமா கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்:

"ஆடிக் கொடைக்கு வீரகேரளம்புதூர் அண்ணாச்சிக்குச் சொல்லிவிடலாம்னு பாக்கேன். நல்ல கை. சொந்தக் குடமும் வச்சிருக்காரு."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவின் கை விழுந்து எட்டு நாள்கூட ஆகவில்லை.

"குடத்துக்கு நான் உக்காருதேன் மாமா" என்றேன்.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீயா? ஏட்டி, சனம் கத கேக்க வருமா, ஒன்னையப் பாக்க வருமா?"

"ரெண்டுக்கும் வரட்டும்."

"வாய மூடுட்டி" என்று அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

"அப்பா வெளிய போன நேரமெல்லாம் நான் குடத்த எடுத்து அடிச்சிருக்கேன். வேணும்னா இப்பவே ஒரு பானைய எடுத்துட்டு வாரேன், கேளுங்க."

"பானையவா? நல்லா இருக்கு!" மாமா சிரித்துக்கொண்டே எழுந்து துண்டை உதறினார். "ஒங்கப்பன் குடம் ஓடா கெடக்கு. மொதல்ல எந்தொண்டைக்கு ஒத்த குடம் ஒண்ணு கொண்டா. அப்பறம் பாப்போம்."

"சொன்ன சொல்லு சொல்லுதான?"

"ஆமா, ஆமா."

வில்லில் பின்பாட்டுக்காரர்கள் அண்ணாவி என்ன சொன்னாலும் 'ஆமா' போடுவார்கள் அல்லவா, அந்த மாதிரி ஆமா. தட்டிக் கழிக்கச் சொன்னதுதான். எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் வாக்கு வாக்குதான் என்று பிடித்துக்கொண்டேன்.

குடம் செய்யச் சொல்ல வேண்டுமானால் அவர் சுருதி வேண்டும். அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் "சுருதி தெரியாதவளுக்குக் குடம் எதுக்கு?" என்பார். அதனால் கேட்கவில்லை. பின்னால் நடந்த அத்தனைக்கும் இந்த ஒரு வீம்புதான் காரணம்.

மாமா தினமும் காலையில் குளித்துவிட்டு, வீட்டுக்குள் உட்கார்ந்து ஒரே இடத்தில் குரலை நிறுத்தி 'ம்ம்ம்' என்று பழகுவார். ஆனி மாசத்தில் ஒரு நாள் காலை நான் இலஞ்சிக்குப் போய் அவர் வீட்டுப் பின்புறம் தென்னந்தோப்பில் நின்றேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. நல்ல காற்று. குரல் வந்தது. கனத்து, தடித்து, அடிவயிற்றிலிருந்து வந்தது.

இவ்வளவு கீழேயா என்று எனக்கு ஒரு நிமிஷம் ஐயமாகத்தான் இருந்தது. பந்தலில் கேட்பது வேறு, வீட்டுக்குள் கேட்பது வேறு என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தக் குரலை அப்படியே என் தொண்டையில் வாங்கி, வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்றபடி தேன்பொத்தை ஊரைப் பார்த்து நடந்தேன். அங்கேதான் நல்ல குயவர்கள் இருந்தார்கள்.

வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சுருதி கொட்டிப்போகும். குற்றாலத்துக்குச் சீசன் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. பலாப்பழக் கூடையோடு வந்த தெரிந்த பெண்கள் இரண்டு பேர் என்னைப் பார்த்துவிட்டார்கள்.

"என்னட்டி, அருவிக்கா போற?"

'ம்ம்ம்' என்றபடி தாண்டிப் போனேன்.

"ஒங்கப்பனுக்கு இப்ப எப்படி இருக்கு?"

அதற்கும் 'ம்ம்ம்'.

"பாத்தியாட்டி? அப்பனுக்குக் கை விழுந்தும் மவளுக்குத் தலக்கனம் விழல" என்றாள் ஒருத்தி. முதுகில் சூடு வைத்த மாதிரி இருந்தது. திரும்பிப் பதில் சொல்ல வாய் துடித்தது. சொல்லவில்லை. பஸ் ஒன்று பக்கத்தில் வந்து ஆரன் அடித்தபோது இரண்டு காதிலும் விரலை வைத்து அடைத்துக்கொண்டேன்.

குயவர் வீட்டில் அவர் மண் மிதித்துக்கொண்டிருந்தார். அவர் பெண்சாதி என் வயதுக்காரி. வாயில் வெற்றிலை, கையில் தட்டுப்பலகை.

"என்ன வேணும்க்கா?"

"ம்ம்ம்" என்றேன்.

"என்ன சட்டின்னு சொல்லுங்க."

"ம்ம்ம்."

அவள் உள்ளே பார்த்துக் கத்தினாள்: "ஏங்க, இங்கன ஒரு ஊமப்பிள்ள வந்து பசு மாதிரி கத்துது!"

நான் அங்கே கிடந்த ஒரு பானையைத் தூக்கி, அதன் வாயில் உள்ளங்கையால் அடித்து, என் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அந்தப் பெண்ணுக்குக் காது இருந்தது. சட்டென்று முகம் மாறி வெற்றிலையைத் துப்பிவிட்டு, அவளும் 'ம்ம்ம்' என்றாள். சரியாக நான் நின்ற இடத்தில் வந்து நின்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து முனகிக்கொண்டு நின்றதை அவள் புருஷன் வந்து பார்த்துவிட்டு, சேற்றுக் காலோடு அப்படியே திகைத்து நின்றார்.

அவளிடம் சுருதி பத்திரமாகிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தேன். "எங்க மாமா தொண்டைக்கு ஒத்த வில்லுக்குடம் வேணும். ஆடிக் கடைசிச் செவ்வாய்க்கு."

"சாரல்ல பச்சக் குடம் காயுமாக்கா? காளான்லா மொளைக்கும்!"

சொன்னாளே தவிர விடவில்லை. முனகிக்கொண்டே வீட்டுக்குள் போய் நெல்லுப் பானை, புளிப் பானை, அரிசிப் பானை என்று ஒவ்வொன்றின் வாயிலும் கையால் அடித்துக்கொண்டே வந்தாள். உப்புப் பானைக்கு வந்ததும் நின்றாள். 'பும்' என்றது. அவள் முனகலும் அதுவும் ஒன்றாக இருந்தன.

"இதுதான் ஒங்க மாமா" என்றாள். "இவர இனி நான் அடுப்படிப் பக்கம் விட மாட்டேன். உப்பையும் எடுக்க மாட்டேன். கொறைஞ்சா கொரல் மாறிப்போவும்."

அன்றிலிருந்து அந்தப் பானைக்கு அவள் வீட்டில் மாமா என்றே பெயர். நான் போகும்போதெல்லாம், "மாமா சொகமா இருக்காரு, கொஞ்சம் ஈரமா இருக்காரு" என்பாள். இருவரும் சிரிப்போம்.

சுட்டால் மண் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே கொஞ்சம் கொஞ்சம் அளவு மாற்றி ஏழு குடம் தட்டினார்கள். சாரலுக்குப் பயந்து அடுப்படிப் பரணில் புகையில் வைத்துக் காயவைத்தார்கள். ஆடி பிறந்து வெயில் தலைகாட்டிய இரண்டு நாளில் சூளை வைத்தார்கள். சூளை பிரித்த அன்று நான் போய்ச் சேர்ந்தபோது ஏழும் முற்றத்தில் வரிசையாக இருந்தன. ஏழும் அழகாக, செக்கச் செவேலென்று இருந்தன.

அவள் முதல் குடத்தின் வாயில் அடித்தாள். பிறகு உப்புப் பானையில் அடித்தாள். தலையை ஆட்டினாள். அவ்வளவுதான், அவள் புருஷன் உலக்கையை எடுத்து அந்தக் குடத்தை ஒரே போடு போட்டார். நான் அலறியேவிட்டேன்.

"எய்யா! ஏன் ஒடைக்கிய? நல்ல கொடம்லா! தண்ணி எடுக்க வச்சுக்கிடலாமே!"

"வில்லுக்குன்னு மிதிச்ச மண்ணு அடுக்களைக்குப் போவப்படாது. அதுல தண்ணி பட்டா வீட்டுக்கு ஆகாது" என்றார் அவர். என் கண் முன்னால் ஐந்து குடங்களை அப்படி உடைத்தார். ஒவ்வொரு போடும் என் நெஞ்சில் விழுந்தது. ஆறாவது குடத்தில் அவள் அடித்தாள். பானையில் அடித்தாள். மறுபடி குடத்தில் அடித்தாள். பிறகு இரண்டையும் ஒரே நேரத்தில் இரண்டு கையால் அடித்தாள். ஒரே ஒலி. என் முழங்கையில் மயிர் எழுந்து நின்றது. ஏழாவதை அடித்துப் பார்க்காமலே உடைத்துவிட்டார்கள்.

குடத்துக்கு விலையாக என் வெள்ளாடும் அதன் குட்டியும் அந்த வீட்டுக்குப் போயின. குடம் என் இடுப்பில் ஏறியது.

வீட்டில் அப்பாவின் காதில் படும்படி வைத்து அடித்தேன். அப்பா இடது கை விரலை மேலே தூக்கினார். இன்னொரு தடவை அடித்தேன். விரலை இன்னும் மேலே தூக்கித் தூக்கிக் காட்டினார். அம்மனை நினைக்கச் சொல்கிறார் என்று எண்ணி நானும் மேலே பார்த்துக் கும்பிட்டேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. ஆனந்தம் என்று நினைத்தேன்.

கொடைக்கு முன்னால் குடத்தை மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டவில்லை. பந்தலில், சனத்தின் நடுவில் அவர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அவரும் கடையநல்லூர்ப் பக்கம் வேறொரு கொடையில் இருந்தார். செவ்வாய்க்கிழமை மதியக் கொடைக்கு பஸ்ஸில் நேராக வந்து இறங்குவதாகச் சொல்லியிருந்தார்.

பந்தலுக்குப் போனதும் முதல் அடி விழுந்தது. முன்வரிசையில் வீரகேரளம்புதூர் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். மடியில் அவருடைய குடம், சிவப்புத் துணியில் சுற்றியது. மாமா அவரையும் வரச் சொல்லியிருக்கிறார்.

"வாட்டி வா" என்றார் அண்ணாச்சி, வெற்றிலையை மென்றபடி. "எதுக்கும் வந்து இருங்கன்னு ஒங்க மாமா சொன்னாரு. நீ ஆரம்பி. நான் முடிச்சு வைக்கேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் என் குடத்தை வில்லில் கட்டக் கொடுத்தேன். அதற்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். கற்பூரம் காட்டிய பிறகு குடத்தை யாரும் தட்டிப் பார்க்கக் கூடாது என்பது முறை. அதற்குப் பிறகுதான் மாமா வந்தார். குளித்து, திருநீறு பூசி, வந்து உட்கார்ந்து குடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கொண்டாந்துட்டியே" என்றார். கண்ணில் கொஞ்சம் வியப்பு இருந்தது. எனக்கு அது போதும் போல இருந்தது.

மாமாவின் கையிலிருந்த வீசுகோல் வில்லின் கயிற்றில் விழுந்தது. மணிகள் குலுங்கின. நான் மட்டையை ஓங்கி முதல் அடி அடித்தேன். பும். மாமா வாயைத் திறந்தார்.

குரல் எங்கேயோ மேலே இருந்தது. தோப்பில் நான் கேட்ட குரல் அது இல்லவே இல்லை. பளிச்சென்று, வெண்கலம் மாதிரி, என் குடத்துக்கு மேலே எட்டாத கொப்பில் உட்கார்ந்திருந்தது. இன்னொரு அடி அடித்தேன். பும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வண்டியே போகலாம். உடுக்குக்காரர் திரும்பிப் பார்த்தார். தாளக்காரர் திரும்பிப் பார்த்தார். அப்பாவின் விரல் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சாமியைக் காட்டவில்லை அவர். சுருதி மேலே போக வேண்டும் என்றுதான் காட்டியிருக்கிறார்.

என்ன நடந்தது என்று பிறகு மாமி சொல்லித்தான் தெரியும். ஆனியில் வெளியூரிலிருந்து வந்த விருந்தாளிகளோடு மாமா ஐந்தருவியில் மதியம் வரை நின்று குளித்திருக்கிறார். சளி பிடித்து, தொண்டை கட்டி, பத்து நாள் மிளகுக் கஷாயம் குடித்திருக்கிறார். அந்தப் பத்து நாளில் ஒரு நாள்தான் நான் போய்த் தோப்பில் நின்றிருக்கிறேன். சளி பிடித்த தொண்டைக்குக் குடம் சுட்டு வைத்திருக்கிறேன்.

"ஏட்டி, அது குடமா, கெணறா?" என்றார் வீரகேரளம்புதூர் அண்ணாச்சி எல்லோருக்கும் கேட்கும்படி. "உள்ள போட்ட சத்தம் மேல வர மாட்டேங்குதே!" அவர் கை சிவப்புத் துணியின் முடிச்சுக்குப் போனது.

பந்தலே சிரித்தது. மாமா பாட்டை நிறுத்திவிட்டு வசனத்துக்கு வந்தார். வில்லில் எது தடங்கினாலும் அண்ணாவிமார் அப்படித்தான் சமாளிப்பார்கள்.

"மதிய நேரம் பாருங்க, குடத்துக்கு இன்னும் தூக்கம் கலையல."

"ஆமா" என்றார்கள் பின்பாட்டுக்காரர்கள்.

"வேற குடம் ஒண்ணு முழிச்சுக்கிட்டு இருக்கு."

"ஆமா."

சிரிப்பு. அண்ணாச்சி முடிச்சை அவிழ்த்துவிட்டார். மாமா என் பக்கம் பார்க்கவே இல்லை. வீசுகோலைத் தொடையில் வைத்துக்கொண்டு, குரல் இறங்கிப்போகாமல் இருக்க 'ம்ம்ம்' என்று அடித்தொண்டையில் பிடித்தபடி இருந்தார். பந்தல் முழுக்கத் தலைகள் மட்டும் தெரிந்தன.

அந்த நேரத்தில் பந்தலுக்கு வெளியே ஒரு பெண் பொங்கலுக்குத் தண்ணீர் கொண்டுவந்து பெரிய பானையில் ஊற்றினாள். முதலில் 'கொபகொப' என்றது. பிறகு 'குபுகுபு' என்றது. நிறைய நிறைய ஓசை மெலிந்து மேலே ஏறியது. தண்ணீர் எடுத்த எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். குடத்தைப் பார்க்காமலே, எதிர்வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டே, நிறைந்துவிட்டது என்று காதால் சொல்லுவோம். வில்லில் உட்கார்ந்த ஆண்பிள்ளை ஒருத்தனும் தன் வாழ்நாளில் ஒரு குடம் தண்ணீர் எடுத்ததில்லை.

"எக்கா!" என்று கத்தினேன். "அந்தத் தண்ணிய இங்கன கொண்டா!"

அவள் என்ன ஏது என்று தெரியாமல் இடுப்புக் குடத்தோடு பந்தலுக்குள் வந்துவிட்டாள். நான் வாங்கி, சந்தனம் பூசிய வில்லுக்குடத்தின் வாயில் சாய்த்தேன்.

அதுவரை சிரித்த பந்தல் ஒரே மூச்சாக 'ஆ' என்றது. கோயில் தர்மகர்த்தா எழுந்து நின்றுவிட்டார்.

"ஏலே, வில்லுக்குடத்துல தண்ணிய ஊத்துதாளே! புடிங்கலே அவள!"

யாரும் பிடிக்கவில்லை. வில்லைத் தாண்டி யார் வருவார்கள்? ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கையால் மட்டையை அடித்தேன். பும். பும். பொம். ஒலி ஏறிக்கொண்டே வந்தது. மாமாவின் 'ம்ம்ம்' அதே சுருதியில் அசையாமல் நின்றது. அவர் வாய் திறக்கவில்லை. கண் மட்டும் குடத்தின் வாயிலேயே நிலைத்து, உருண்டு விழும் போல இருந்தது. குடம் கொஞ்சம் தாண்டிப் போய்விட்டது. ஒரு கை அள்ளி வெளியே கொட்டினேன். அடித்தேன். சேர்ந்துவிட்டது. குடம் எது, தொண்டை எது என்று தெரியாதபடி சேர்ந்துவிட்டது.

வீசுகோல் தானாக எழுந்தது. பாட்டு புறப்பட்டது. அண்ணாச்சியின் கை அவிழ்த்த துணியைப் பிடித்தபடி நின்றது.

ஆனால் அதோடு முடியவில்லை. வில்லுக்குடம் சற்றுச் சாய்ந்துதான் இருக்கும். ஒவ்வொரு அடிக்கும் தண்ணீர் தெறித்தது. என் முகம், ரவிக்கை, மடி எல்லாம் நனைந்தன. ஒரு நாழிகைக்கு மேல் போனதும் குடம் மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியதை என் காது பிடித்துவிட்டது. இரண்டு கையும் வேலையாக இருந்தன. நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வழியில்லை. அதுவும் கதையில் தாய் தன் பிள்ளையை மடியில் போட்டு அழுகிற இடம். அங்கே குடம் நின்றால் கதை செத்துப்போகும். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். இன்னும் நாலு அடியில் சனம் மறுபடி சிரிக்கப் போகிறது.

மாமா யாருக்காகவும் இறங்கியவர் இல்லை. சுருதியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார் என்பதற்காக, பதினைந்து வருஷம் கூடப் பாடிய பின்பாட்டுக்காரரை நடுக்கதையில் எழுந்து போகச் சொன்னவர். என் அப்பாவே அவருக்காகக் குளிர்காலம் ஒன்று, கோடை ஒன்று என்று இரண்டு குடம் வைத்திருந்த காலம் உண்டு.

அந்த மாமா இறங்கினார்.

முதலில் நம்பவில்லை. என் காதுதான் கெட்டுப்போனது என்று நினைத்தேன். அடித்தேன். குடம் ஒரு நூல் கீழே போனது. அவர் குரலும் ஒரு நூல் கீழே வந்தது. இன்னொரு அடி. இன்னொரு நூல். படிப்படியாகக் கிணற்றில் இறங்குகிறவர் மாதிரி, குடம் போகிற இடமெல்லாம் அவரும் வந்தார். அந்தத் தாயின் அழுகை மேலிருந்து மெல்ல மெல்ல மண்ணுக்குள் போனது. எப்போதும் அந்த இடத்தில் சனம் உச்சுக் கொட்டும். அன்று உச்சுக் கொட்டவில்லை. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி வாய்விட்டு அழுதாள். அவளைத் தொடர்ந்து இன்னும் பத்துப் பேர். அண்ணாச்சி வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டார். எனக்கு உடம்பில் உணர்வே இல்லை. கை மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. இத்தனை வயதுக்குள் நான் எவ்வளவோ பார்த்துவிட்டேன், சாவு பார்த்தேன், வெள்ளம் பார்த்தேன். அன்று அதிர்ந்தது போல ஒருநாளும் அதிர்ந்ததில்லை.

மங்களம் பாடி முடித்து, தீபாராதனை ஆன பிறகு தர்மகர்த்தா வந்தார். அவருக்கு இன்னும் மூச்சிரைத்தது.

"அண்ணாவி, ராத்திரிக் கதைக்கு அண்ணாச்சி குடந்தான?"

மாமா மார்பில் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். துண்டைத் தோளில் போட்டார். அவசரப்படவே இல்லை.

"அண்ணாச்சி சாப்பிட்டுட்டு இருந்து கேக்கட்டும். குடம் எங்க வீட்டுக் குடந்தான்."

"தண்ணி ஊத்தின குடமய்யா அது!"

"அம்மனுக்குப் பொங்கத் தண்ணிதான? சாக்கடையா?"

தர்மகர்த்தா கோயிலுக்குள் திரும்பி நடந்தார். அண்ணாச்சி தம் குடத்தை மறுபடி துணியில் சுற்றினார். போகும்போது என் பக்கம் குனிந்து, "எம்மா, அந்தக் குயவன் வீடு எங்கன இருக்கு?" என்று கேட்டார். ஏட்டி போய் எம்மா வந்திருந்தது. தேன்பொத்தை என்றேன்.

மாமா என்னைப் பார்க்காமல், வில்லின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே பேசினார்.

"ராத்திரிக்குத் தண்ணி வேண்டாம். குடத்த நல்லாக் காய வச்சு, ஆத்து மணல அரிச்சுப் போடு. மணலு தெறிக்காது."

"சரி மாமா."

"எம்புட்டுன்னு நீயே பாத்துப் போடு. ஏங்கிட்டக் கேக்க வராத. நான் தூங்கணும்."

குடத்தைத் தூக்கிக்கொண்டு கோயில் பின்புறம் போனேன். பொங்கலிட்ட அடுப்புகள் வரிசையாக அணைந்து கிடந்தன. ஒன்றில் கங்கு இருந்தது. மூன்று கல்லில் குடத்தைக் கவிழ்த்து வைத்தேன். மண்ணில் ஊறிய ஈரம் ஆவியாக எழுந்தது. அதைப் பார்த்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் என் கை நடுங்கத் தொடங்கியது. பந்தலில் நடுங்காத கை. ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டேன், நிற்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாளே, அந்தப் பெண் இலையில் பொங்கல் வைத்துத் தந்தாள். எடுத்தேன், வாய்க்குப் போகுமுன் சிதறிவிட்டது.

அவள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இலையை வாங்கி, உருட்டி ஊட்டிவிட்டாள்.

"என்னட்டி இப்படி ஆடுத? பயந்துட்டியா?"

"மாமா பாட்டுல கீழ வந்துட்டாருக்கா" என்றேன்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சரி, வாயத் தொற" என்று அடுத்த உருண்டையை உருட்டினாள்.